மூன்று விநாடி பொறுங்கள்: மழலையர் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் முன்னால் ஆறு பொத்தான்களை வரிசையாக வையுங்கள். அதற்கு நேர் கீழே இன்னொரு வரிசை, அதிலும் ஆறு. இரண்டும் ஒரே நீளம். "ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். இப்போது குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ் வரிசையை மட்டும் பரப்பிவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். அந்த வயதில் பல குழந்தைகள் கீழே இருப்பதுதான் அதிகம் என்பார்கள். நீங்கள் ஒன்றையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை. அதைக் குழந்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சோதனையைச் செய்து காட்டியவர் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. சின்னக் குழந்தையின் யோசனை தனக்கென்று ஒரு போக்கு உடையது, பெரியவர்களின் யோசனையில் கொஞ்சம் குறைத்து எடுத்தது அது என்று நினைக்கக் கூடாது என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. 1970களில் மக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் இதே சோதனையில் ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று ஓடி வந்து கலைத்துவிட்டதாக நடித்தார்கள். சரியாகப் பதில் சொன்ன குழந்தைகள் முன்னைவிட மிக அதிகம். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டால், "ஏதோ மாறியிருக்கு, அதைத்தான் கேக்குறாங்க" என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

3 முதல் 6 வயதுவரை உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய வருகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும். குழந்தை நம்மைப் போல யோசிப்பதில்லை. கூடவே, நம் முகத்தையும் குரலையும் பார்த்துத்தான் அது பல பதில்களைச் சொல்கிறது. யோசிக்கிற வேலையைக் குழந்தையிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் வகுப்பு நடத்துவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பல வருடம் இந்த வகுப்புகளில் இருந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் எதை முதலில் செய்யலாம், எதை அப்புறம் செய்யலாம் என்ற வரிசையில் சொல்கிறேன்.

முதல் வாரம்: ஒரு நோட்டும் பேனாவும்

முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். மரக்கட்டைகள், மணல், தண்ணீர், காகிதம், மெழுகு வண்ணக்குச்சி, இரண்டு மூன்று பொம்மைகள். இவ்வளவு இருந்தால் போதும். குழந்தைகள் அவற்றை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று குழந்தைகள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்தான் எழுத வேண்டும். "சுறுசுறுப்பான பையன்", "கவனமே இல்லை" என்பவை உங்கள் முடிவுகள். அவற்றை வைத்து நாளைக்கு என்ன செய்வது என்று திட்டமிட முடியாது. "நீளக் கட்டையைக் கீழே வைத்து மூன்று தடவை கோபுரம் கட்டினான், மூன்றும் சரிந்தது, நாலாவது தடவை அகலக் கட்டைக்கு மாறினான்" என்று எழுதினால் அதற்குள் ஒரு குழந்தையின் சிந்தனையே இருக்கிறது. இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகள் இந்தப் பழக்கத்தை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றன. அங்கே குழந்தை சொன்ன வார்த்தை, வரைந்த படம், செய்த பொருள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள்.

குழந்தைகள் தனக்குத் தானே முணுமுணுப்பதையும் கவனியுங்கள். "இது இங்க... இல்ல... திருப்பு... ஆங்" என்று பேசிக்கொண்டே ஒரு குழந்தை படத்துண்டுகளைச் சேர்க்கும். இது கவனச் சிதறல் என்று நினைத்து "பேசாம செய்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) இந்தப் பேச்சைக் குழந்தையின் சிந்தனைக் கருவியாகவே பார்த்தார். வேலை கடினமாகும்போது முணுமுணுப்பும் கூடுகிறது. வளர வளர அது உள்ளே போய் மௌனமான யோசனையாகிவிடுகிறது. ஆகவே முணுமுணுப்பு கூடினால், அந்த வேலை அந்தக் குழந்தைக்குச் சரியான அளவு கடினமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்க்க முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் ஆரம்பப் பள்ளி வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றினார்கள், வேறு குழந்தையைக் கேட்டார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் குழந்தைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, கேட்காமலே பேசும் குழந்தைகள் கூடினார்கள். 1974இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு இதைக் காத்திருப்பு நேரம் என்றே ஆசிரியர் பயிற்சிகளில் சொல்கிறார்கள். 3, 4 வயதுக் குழந்தைக்கு மூன்று விநாடி போதாது. அது கேள்வியைப் புரிந்துகொண்டு, நினைவிலிருந்து எடுத்து, வார்த்தை தேடி, வாயைத் திறக்க வேண்டும். ஐந்து, ஆறு விநாடி வரை விடலாம்.

செய்து பார்த்தால் தெரியும், ஐந்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று. எனக்கு உதவியது ஒரு சின்னப் பழக்கம்: கேள்வி கேட்டதும் மனதுக்குள் மெதுவாக ஐந்துவரை எண்ணுவேன், குழந்தையைப் பார்க்காமல் கையில் இருக்கும் பொருளைப் பார்ப்பேன். உற்றுப் பார்த்தால் குழந்தை பதற்றப்பட்டு நம் முகத்தில் பதில் தேடும். பொருளைப் பார்த்தால் அதுவும் பொருளைப் பார்க்கும்.

காத்திருப்பு இரண்டு இடத்தில் வேண்டும். கேள்விக்குப் பிறகு ஒன்று. குழந்தை பதில் சொன்ன பிறகு இன்னொன்று. உடனே "கரெக்ட்!" என்று முடித்துவிடாமல் கொஞ்சம் பொறுத்தால், "ஏன்னா..." என்று தானே தொடரும். அந்த "ஏன்னா"வுக்காகத்தான் இவ்வளவும்.

கேள்வியும் யோசிக்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். "இது என்ன நிறம்?" என்பதற்குத் தெரிந்தால் ஒரு வார்த்தை, தெரியாவிட்டால் மௌனம், அவ்வளவுதான். "இது மிதக்குமா முங்குமா, நீ என்ன நினைக்கிற?", "எப்படிக் கண்டுபிடிச்ச?", "இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தண்ணீர்த் தொட்டியில் கல், இலை, மூடி, மரத்துண்டு போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழந்தையும் ஊகம் சொல்லட்டும். தப்பான ஊகத்தைத் திருத்த வேண்டாம். தண்ணீரே திருத்திவிடும்.

மூன்றாவது: சாரம் கட்டுவது, பிறகு கழற்றுவது

காத்திருந்தும் குழந்தையால் முடியவில்லை. அப்போது என்ன செய்வது?

வைகாட்ஸ்கியின் கருத்து ஒன்று உண்டு: குழந்தையால் தனியாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்தவர் உதவியோடு செய்ய முடிவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, கற்பித்தல் நடக்க வேண்டியது அங்கேதான். 1976இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் 3, 4, 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் பிரமிடு கட்டுவதற்கு ஒரு ஆசிரியர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து, அந்த உதவிக்குச் சாரம் என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் எழும்போது கட்டுகிற அதே சாரம்தான். சுவர் நின்றதும் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்துவிடுவதுதான் நம்மில் பலருடைய பிரச்சினை.

படத்துண்டு சேர்க்கும் குழந்தை ஒன்று ஓர் இடத்தில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உதவியைப் படிப்படியாக, குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து "எங்க நிக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பல நேரம் இதுவே போதும். போதாவிட்டால், "ஓரம் நேரா இருக்கிற துண்டு ஏதாவது இருக்கா பாரேன்." அதற்கும் நகரவில்லை என்றால் இரண்டு துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்து "இந்த ரெண்டுல ஒண்ணு." அடுத்து, சரியான துண்டைச் சரியான இடத்துக்கு அருகில் வைத்துவிட்டுத் திருப்பும் வேலையைக் குழந்தைக்கு விடுங்கள். கடைசி வழிதான் நீங்களே வைத்துக் காட்டுவது. காட்டினாலும் உடனே அதைக் கலைத்து, "இப்ப நீ" என்று கொடுத்துவிட வேண்டும்.

குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுங்கள். சரியாகச் செய்தால் ஒரு படி குறையுங்கள். எளிதாகத் தெரிந்தாலும் இருபது குழந்தைகள் இருக்கும் அறையில் இதைச் செய்வது கஷ்டம்தான். அதனால் ஒரு நாளில் ஒரு சிறு குழு, நான்கைந்து குழந்தைகள், பத்துப் பதினைந்து நிமிடம். மற்றவர்கள் அந்த நேரம் தங்கள் விளையாட்டில் இருக்கட்டும். தனியாக விளையாடத் தெரிந்த வகுப்பு அமைவதற்கே ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை பொறுங்கள்.

நான்காவது: விளையாட்டை வைத்துக் கவனத்தை வளர்ப்பது

அட்டைகளில் சிவப்பு முயல், நீலப் படகு என்று படங்கள். அவற்றைப் போட இரண்டு பெட்டிகள்: ஒன்றின் மேல் நீல முயல் படம், இன்னொன்றின் மேல் சிவப்புப் படகு படம். மூன்று வயதுக் குழந்தையிடம் முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்லுங்கள். அழகாகப் பிரிக்கும். "இப்ப விளையாட்டு மாறுது, இனிமே உருவப்படி" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அது தொடர்ந்து நிறப்படியே பிரிக்கும். "முயல் எங்க போகணும்?" என்று கேட்டால் சரியான இடத்தைக் காட்டும், அட்டையைக் கொடுத்தால் பழைய இடத்தில் வைக்கும். விதி தெரிகிறது, ஆனால் பழகிய செயலை நிறுத்த முடியவில்லை. நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் இதைச் சுலபமாகச் செய்துவிடுகிறார்கள்.

புதிய ஆசிரியர்கள் இதைப் பார்த்தாவது ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுவேன். "சொன்னா புரியுது, ஆனா வேணும்னே கேக்க மாட்டேங்கிறான்" என்று நாம் சொல்வதில் பாதி இந்த அட்டை விளையாட்டுதான். தன்னை நிறுத்திக்கொள்வது, ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்வது, விதி மாறினால் தானும் மாறுவது ஆகிய மூன்று திறன்களும் வளர்ந்துகொண்டிருக்கிற வயது இது. திட்டினால் அவை வளர்வதில்லை. பயிற்சியால் வளரும், அந்தப் பயிற்சியே விளையாட்டுதான்.

பாட்டு நின்றதும் சிலைபோல் நிற்பது. கை தட்டினால் உட்கார், தரையைத் தட்டினால் எழு. கொஞ்ச நாள் கழித்து விதியைத் தலைகீழாக்கு. வாத்தியார், டாக்டர், கடைக்காரர் என்று வேடம் போட்டு விளையாடுவது இன்னும் மேல். வேடம் போட்ட குழந்தை தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது, டாக்டர் செய்வதைத்தான் செய்ய வேண்டும். விளையாட்டில் தானாகவே ஒரு விதிக்குக் கட்டுப்படுகிறது. வைகாட்ஸ்கி விளையாட்டை அவ்வளவு உயர்வாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அரைமணி நேரமாவது தொடர்ந்து விடுங்கள். பத்து நிமிடத்தில் மணி அடித்தால் யார் யாருக்கு என்ன வேடம் என்று முடிவாவதற்குள் விளையாட்டு முடிந்துவிடும்.

ஐந்தாவது: கதைப் புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுப்பது

புத்தகத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை நாம் வாசித்து, குழந்தைகள் கைகட்டிக் கேட்பது ஒரு வகை. அதே புத்தகத்தை வைத்துக் குழந்தையைக் கதை சொல்ல வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் பேச்சை வளர்க்கிறது என்பதை 1988இல் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உரையாடல் வாசிப்பு என்று அதற்குப் பெயர்.

ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி. குழந்தை "நாய்" என்றால், "ஆமா, நனைஞ்ச நாய்" என்று ஒரு வார்த்தை கூட்டுங்கள். அதைக் குழந்தை திருப்பிச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். அடுத்த பக்கம். அவ்வளவுதான். முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம், கதையை ரசிக்கட்டும். இரண்டாவது, மூன்றாவது வாசிப்பில் தொடங்குங்கள். ஒரே புத்தகத்தை வாரம் முழுக்க வாசிக்கலாம். சலிப்பது நமக்குத்தான், குழந்தைக்கு இல்லை.

"அவளுக்கு அது தெரியுமா?" என்ற கேள்வியை நான்கு வயதுக்காரர்களிடம் அடிக்கடி கேளுங்கள். பெட்டியில் பூனை ஒளிந்திருப்பது நமக்குத் தெரியும், கதையில் வரும் சிறுமிக்குத் தெரியாது. மற்றவர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம் என்பது நான்கு வயதை ஒட்டித்தான் குழந்தைகளுக்குப் பிடிபடுகிறது.

வீட்டில் பேசும் மொழி ஒன்று, வகுப்பு மொழி ஒன்று என்றால், குழந்தை வீட்டு மொழியில் பதில் சொல்லட்டும். யோசனையும் புது மொழியும் இரண்டும் ஒரே நேரத்தில் சுமையாக வேண்டாம்.

ஆறாவது: எண்ணத் தெரிவது வேறு, எண்ணிக்கை தெரிவது வேறு

ஒன்றிலிருந்து இருபதுவரை ஒப்பிக்கும் குழந்தையிடம் கற்களைக் குவித்துவைத்து "எனக்கு நாலு குடு" என்று கேளுங்கள். ஒரு பிடி அள்ளிக் கொடுக்கலாம். ஐந்து கல்லை எண்ணச் சொல்லி, எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் விளங்கவில்லை. இந்த நிலையில் எண்களை எழுதவைப்பதால் பயன் இல்லை. பொருளைத் தொட்டு, நகர்த்தி எண்ணட்டும். எடுத்துக் கொடுக்கட்டும், பங்கு போடட்டும். (மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குப் பொத்தான், சின்னக் கல் எதுவும் வேண்டாம்.)

ஒரு அட்டையில் பத்துக் கட்டங்களை நேர்கோட்டில் போட்டு 1 முதல் 10 வரை எழுதுங்கள். சுற்றிவிட்டால் ஒன்று அல்லது இரண்டில் நிற்கும் சுழலியோ, அந்த இரண்டு எண் போட்ட அட்டைகளோ போதும். வந்த எண்ணுக்கு ஏற்பக் குழந்தை தன் காயை நகர்த்த வேண்டும். ராமணி, சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகள் 2 வாரத்துக்குள் நான்கைந்து தடவை, தடவைக்குக் கால்மணி நேரம்போல இப்படி விளையாடியதில் அவர்களுடைய எண்ணறிவு தெளிவாகக் கூடியது. எண்ணுக்குப் பதில் நிறக் கட்டங்களில் விளையாடிய குழந்தைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. ஒரு நுணுக்கம் உண்டு: 5இல் நிற்கும் குழந்தைக்கு 2 விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று நகரக் கூடாது. "ஆறு, ஏழு" என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர வேண்டும்.

எழுத்து, பென்சில்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுத்துக்கு முன்னால் ஒலி. ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைத் தேடுவது, சொல்லைத் தட்டித் தட்டிப் பிரிப்பது, எதுகைப் பாட்டு. விரலுக்கு வலு வரக் களிமண், கிழித்து ஒட்டுவது, மணி கோர்ப்பது. எழுத்தைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியில் தெரிவதுபோல எழுதுவது ஆறு ஏழு வயதுவரை சாதாரணம். சிவப்பு மையில் அடிக்காதீர்கள்.

நாளை அமைப்பது

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 3, 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும். தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். திரை முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலும் திரை உண்டு என்பதால் வகுப்பில் அதை நான் கிட்டத்தட்ட வைப்பதே இல்லை. உட்கார்ந்து கேட்கும் நேரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கு அடுத்தது உடம்பு அசையும் வேலையாக இருக்கட்டும்.

"இந்தக் குழந்தை பார்த்துக் கற்கிற வகை, அந்தக் குழந்தை கேட்டுக் கற்கிற வகை" என்று பிரித்துப் பாடம் தயாரிக்கச் சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்கு ஆய்வில் உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் பார்க்கட்டும், கேட்கட்டும், தொடட்டும்.

பெற்றோர் வந்து கேட்கும்போது

இரண்டாவது மாதம் யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். "ஏங்க, நோட்டுல ஒண்ணுமே எழுதலையே?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம், அவருக்கு வகுப்பு தெரியாது. அப்போது உங்கள் நோட்டை எடுங்கள். முதல் வாரம் எழுதிய நாலு வரியையும், நேற்று எழுதிய நாலு வரியையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள். "போன மாசம் கோபுரம் விழுந்தா அழுதுட்டு எழுந்து போயிடுவான். நேத்து ஏன் விழுதுன்னு என்கிட்ட சொன்னான்." இதைக் கேட்ட பிறகு எழுத்து நோட்டைப் பற்றி மறுபடி கேட்ட பெற்றோர் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

அதே நோட்டு இன்னொரு வேலைக்கும் பயன்படும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, பேச்சு வயதுக்கேற்ப வளராதது, நேற்றுவரை பேசியதை இழப்பது, மற்ற குழந்தைகள் பக்கமே போகாதது ஆகியவை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால், தேதி போட்டு எழுதிவைத்துப் பெற்றோரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பேச்சு இழப்பைப் பார்த்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடமும் காது பரிசோதனைக்கும் போகச் சொல்லுங்கள், தேதி போட்ட அந்தப் பக்கங்களின் நகலைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.